வகுப்பறையில் சமய மெய்யியல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சமயக் கூற்றுகளை வாதத்தால் ஆராயும் துறையான சமய மெய்யியலை மாணவர்களுக்கு எப்படி அறிமுகம் செய்வது என்பதை ஒட்டி வந்த கேள்விகளுக்கு இம்மாதம் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளை வினவிய மடல்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக ஆக்கியிருக்கிறேன்.

கேள்வி: இளங்கலை மாணவர்களுக்குச் சமய மெய்யியல் தாளை இந்தப் பருவத்தில் முதன்முறையாக நடத்த இருக்கிறேன். கைக்குக் கிடைக்கும் பாடநூல்கள் எல்லாம் கடவுள் உண்டு என்பதற்கான சான்றுகளில், அதாவது இடைக்காலக் கிறித்தவ மெய்யியலரான அன்செல்ம், அக்குவினாஸ் ஆகியோரில் தொடங்குகின்றன. அவ்வாறே நானும் தொடங்கலாமா?
— உதவிப் பேராசிரியர், திண்டுக்கல்

பதில்: தொடங்கலாம், ஆனால் நானாக இருந்தால் அப்படித் தொடங்க மாட்டேன். அன்செல்ம் 11ஆம் நூற்றாண்டில் முன்வைத்த வாதம் மிக நுட்பமானது. எதனினும் பெரிதாக வேறொன்றை எண்ண இயலாதோ அதுவே கடவுள். அத்தகைய பொருள் எண்ணத்தில் மட்டும் இருக்குமானால், உண்மையிலும் இருக்கும் பொருள் அதனினும் பெரிதாகிவிடும். ஆகவே அது உண்மையிலும் இருந்தாக வேண்டும் என்பது அதன் சுருக்கம். முதல் வாரத்தில் இதைக் கேட்கும் மாணவர் சொற்சிலம்பம் என்று ஒதுக்கிவிடுவார். இருத்தலை ஒரு பொருளின் பண்புகளுள் ஒன்றாக எண்ணலாமா என்று 1781இல் ஜெர்மானிய மெய்யியலர் கான்ட் எழுப்பிய வினாவின் கனத்தை உணர்ந்தவருக்கே அன்செல்மின் வலிமையும் புலப்படும். ஆகவே அவரைப் பருவத்தின் கடைசி வாரங்களுக்கு ஒத்திவையுங்கள்.

முதல் வகுப்பில் துன்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் எச்சமயத்தவராயினும், சமயமே வேண்டாம் என்பவராயினும், அந்தக் கேள்வியைத் தம் வீட்டிலோ தெருவிலோ ஏற்கெனவே கேட்டிருப்பார். தமிழ் மாணவருக்கு அதற்கான மூலபாடமும் தயாராக இருக்கிறது. புறநானூற்றின் 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார் இரண்டு வீடுகளைக் காட்டுகிறார். ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது. மற்றொரு வீட்டில் மணமுழவு முழங்குகிறது. துணைவரோடு கூடிய மகளிர் பூச்சூடுகின்றனர்; பிரிந்த மகளிரின் மையுண்ட கண்கள் நீர் சொரிகின்றன. இவற்றை அடுத்தடுத்து வைத்துவிட்டு, ‘படைத்தோன் மன்ற அப்பண்பிலாளன்’ என்கிறார் புலவர்.

இந்த ஓர் அடியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, புலவர் எதை மறுக்கிறார் என்று மட்டும் கேளுங்கள். கடவுள் இல்லை என்கிறார் என்று சிலராவது சொல்வார்கள். பாடலில் அது இல்லை. படைத்தவன் ஒருவன் உண்டு என்பதில் புலவருக்கு ஐயமே இல்லை. அவனுக்குப் பண்பு இல்லை என்பதே அவர் தீர்ப்பு. இந்த வேறுபாட்டை மாணவர் தாமாகக் கண்டுகொள்ளும் கணத்தில் பாடம் தொடங்கிவிட்டது எனலாம். கடவுள் எல்லாம் வல்லவர், அவர் முற்றும் நல்லவர், உலகில் தீமை உண்டு என்னும் மூன்று கூற்றுகளையும் ஒருவர் முரணின்றி ஒருங்கே ஏற்க இயலாது என்று மெய்யியலர் ஜே.எல். மேக்கி 1955இல் வாதிட்டார். அம்மூன்றையும் எழுதிக்காட்டி, நன்கணியார் எதைக் கைவிடுகிறார் என்று கேட்டால், இரண்டாவதை என்று மாணவர்களே சொல்வார்கள். முதலாவதைக் கைவிட்டவர்கள் யார், மூன்றாவதைத் தோற்றம் என்று தள்ளியவர்கள் யார் என்று தேடத் தொடங்கினால் பருவத்தின் பாதிப் பாடத்திட்டம் அதற்குள் வந்துவிடும்.

அடுத்த வகுப்புக்கு ‘இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்’ என்னும் 1062ஆம் குறளைக் கொண்டுசெல்லுங்கள். குறளைக் காட்டிலும் பரிமேலழகர் உரை இங்கு நமக்குப் பயன்படும். வாழ்நாளும் உணவும் தொழிலும் பழவினைக்கு ஏற்ப வகுக்கப்படுவதாகச் சொல்லிவரும் அவர், சிலருக்கு இரத்தலையே தொழிலாக வகுத்திருந்தால் அத்தீவினையால் படைத்தவனும் அத்துன்பத்தை அடைய வேண்டும் என்று முடிக்கிறார். படைத்தவனையும் வினையின் சட்டத்துக்குள் நிறுத்தும் இந்த உரை, வினைக்கும் இறைவனுக்கும் உள்ள உறவு என்ன என்ற கேள்வியை இயல்பாக எழுப்பிவிடும். அப்போது வேதாந்தத்தின் மூலநூலாகிய பிரம்ம சூத்திரத்தின் 2.1.34ஆம் சூத்திரத்துக்குப் போகலாம். இறைவனுக்கு ஓரவஞ்சனையும் கொடுமையும் இல்லை, அவன் உயிர்களின் வினையைச் சார்ந்தே படைக்கிறான் என்பது அதன் பொருள். சங்கரர் அதற்கு மழையை உவமையாக்குகிறார்: மழை எல்லா வயலுக்கும் பொது, நெல் நெல்லாகவும் வரகு வரகாகவும் விளைவது விதையின் வேறுபாட்டால். முதல் படைப்பின்போது வினை ஏது என்ற தடையை அடுத்த சூத்திரமே எழுப்பி, பிறவிச் சுழலுக்குத் தொடக்கம் இல்லை என்று விடையும் கூறுகிறது. அந்த விடை தடையைத் தீர்க்கிறதா, தள்ளிப்போடுகிறதா என்பதை மாணவர்களிடமே விட்டுவிடுங்கள்.

வினைக்கொள்கை இறைவனைக் கொடுமைப் பழியிலிருந்து விடுவிக்கும்போது அந்தப் பழி துன்புறுபவர்மேல் விழுகிறதே என்று யாராவது கேட்பார்கள். தமிழ்நாட்டு வகுப்பில் கேட்காமல் இருக்க மாட்டார்கள். அம்பேத்கர் எழுதி அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த நூலில், முற்பிறவி வினை என்ற கோட்பாடு ஏழைகள், ஒடுக்கப்பட்டோர் ஆகியோரின் நிலைக்கான பொறுப்பிலிருந்து அரசும் சமூகமும் நழுவிக்கொள்ளவே பயன்படுகிறது என்ற கண்டனம் இடம்பெற்றிருக்கிறது. இதைப் பாடத்துக்கு வெளியே உள்ள அரசியல் என்று கருதி விலக்கிவிடாதீர்கள். ஒரு கோட்பாடு யாருக்கு என்ன செய்கிறது என்பதும் அதை ஆராய்வதன் ஒரு பகுதிதான். கோட்பாடு உண்மையா என்ற கேள்வி வேறு என்பதை மட்டும் நினைவூட்டுங்கள்.

மனிதர் செய்யும் தீமைக்கு விருப்புரிமையைக் காரணம் காட்டலாம். நிலநடுக்கத்துக்கு யாரைக் காட்டுவது? 1755 நவம்பர் 1ஆம் நாள், புனிதர் அனைவரின் திருநாளன்று, தேவாலயங்களில் மக்கள் நிறைந்திருந்த வேளையில் லிஸ்பன் நகரம் இடிந்து விழுந்தது. இதுவே ஆக்கக்கூடிய உலகங்களுள் மிகச் சிறந்தது என்று 1710இல் லைப்னிட்ஸ் எழுதியிருந்ததை வால்தேர் கடுமையாக எள்ளியது அதன் பின்னர்தான். நம் கடற்கரையில் 2004 டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக்கு வந்திருந்த பயணிகளை ஆழிப்பேரலை கொண்டுபோனது. இந்த எடுத்துக்காட்டை எடுக்கும்முன் வகுப்பில் நாகை, கடலூர்ப் பகுதி மாணவர்கள் இருக்கிறார்களா என்று அறிந்துகொள்ளுங்கள். லிஸ்பனை வைத்தே இந்தப் பாடத்தை நடத்திவிட முடியும்.

நன்கணியார் பாடலின் இறுதியடிகளை இன்னும் தொடவில்லை. ‘இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந்தோரே’ என்கிறார் அவர். கேள்விக்கு இது விடையா, விடை கிடைக்காதவர் வாழ்வதற்கு ஒரு வழியா என்பதைப் பருவத்தின் முதல் கட்டுரைத் தலைப்பாகக் கொடுக்கலாம்.

கேள்வி: என் மகள் இதை விருப்பப் பாடமாக எடுக்க விரும்புகிறாள். நாங்கள் நாள்தோறும் பூசை செய்யும் குடும்பத்தினர். இதைப் படித்தால் பக்தி போய்விடுமோ என்று என் மனைவி அஞ்சுகிறார்.
— ஒரு தந்தை, கும்பகோணம்

பதில்: போகாது என்று உறுதி கூற என்னால் இயலாது. சிலருக்கு நம்பிக்கை தளரும், சிலருக்கு உறுதிப்படும், பலருக்கு, தாம் இதுவரை எதை நம்பினோம் என்பதே இப்போதுதான் தெரியவரும். ஆனால் இத்துறையின் கூர்மையான வாதங்களுள் மிகப் பல, வழிபடுவோர் எழுதியவை. நியாயம் என்னும் தருக்க மரபின் உதயணர் சிவபக்தர், அக்குவினாஸ் துறவி. பாக்தாதின் நிஜாமியா கல்விக்கூடத்தில் பேராசிரியராக இருந்த அல் கஸ்ஸாலி 1095இல் பதவியை விட்டு வெளியேறினார். புலன்களையும் அறிவையும் நம்பலாமா என்று தமக்குள் எழுந்த ஐயங்களைப் பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதிவைத்தார். இஸ்லாமிய உலகம் அவரை ‘மார்க்கத்தின் சான்று’ என்றே போற்றுகிறது. கேள்வி கேட்டதாலேயே பக்தி போய்விடும் என்றால் இவர்களிடம் முதலில் போயிருக்க வேண்டும்.

உங்கள் மனைவியார் அஞ்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அச்சம் உண்டா என்பதை எழுதவில்லை. மகள் வீட்டுக்கு வந்து கேட்கப்போகும் கேள்விகளை நீங்களும் உடனிருந்து எதிர்கொள்வதாக இருந்தால், தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: ‘குடம் இருந்தால் குயவன் இருக்க வேண்டும், அதுபோல் உலகம் இருப்பதால் படைத்தவன் இருக்க வேண்டும்’ என்று எங்கள் ஆசிரியர் கூறினார். ‘அப்படியானால் கடவுளைப் படைத்தவர் யார்’ என்று நண்பன் கேட்டான். வகுப்பு சிரித்தது, விவாதம் அங்கேயே முடிந்துவிட்டது. யார் சொன்னது சரி?
— இரண்டாம் ஆண்டு மாணவி, மதுரை

பதில்: சிரிப்பில் முடிந்தது வருத்தத்துக்குரியது, ஏனெனில் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். உங்கள் நண்பரின் கேள்வி கூர்மையானது போல் தோன்றினாலும் குறி தவறியது. உள்ள பொருள் ஒவ்வொன்றுக்கும் ஆக்கியோன் உண்டு என்று அவ்வாதம் சொல்லவில்லை. ஆக்கப்பட்ட பொருள் ஒவ்வொன்றுக்கும் ஆக்கியோன் உண்டு என்றே சொல்கிறது. கடவுள் ஆக்கப்பட்டவர் அல்லர் என்று கொள்பவரிடம் அக்கேள்வி செல்லாது.

வாதத்தைத் தளர்த்த வேண்டுமானால் முதலில் அதை அளவை நூல், அதாவது தருக்க நூல், முறையில் நிறுத்த வேண்டும். மணிமேகலையின் 29ஆம் காதையே இதற்கு வழிகாட்டும். மலை நெருப்புடையது என்பது பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), புகை உடைமை ஏது (காரணம்), அடுக்களை எடுத்துக்காட்டு என்று அது பிரித்துக் காட்டுகிறது. அம்முறையில் சொன்னால், நிலம் முதலியன கருத்தாவை, அதாவது செய்தவனை, உடையன என்பது பக்கம். அவை காரியப் பொருள் ஆகலின் என்பது ஏது. குடம் போல என்பது எடுத்துக்காட்டு. நியாய நூலார், குறிப்பாக உதயணர், இந்த வாதத்தை நிலைநாட்டப் பெரிதும் உழைத்தனர். இப்போது எந்த உறுப்பு தளர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

பௌத்தராகிய தருமகீர்த்தி ஏதுவுக்கும் கருத்தாவுக்கும் உள்ள தொடர்பைத் தாக்கினார். மண்ணால் ஆன குடத்தைக் குயவன் செய்தான் என்பதால், மண்ணால் ஆனது என்ற ஒன்றையே காரணமாகக் காட்டிப் புற்றையும் குயவன் செய்தான் என்று முடிவுகட்டலாமா என்று அவர் கேட்டார். குடத்துக்குக் குயவன் உண்டு என்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். உலகங்கள் செய்யப்படுவதை யாரும் கண்டதில்லை. வேதத்தை ஏற்றும் படைத்த இறைவனை ஏற்காத மீமாஞ்சகருள் ஒருவராகிய குமாரிலர் எடுத்துக்காட்டையே திருப்பினார். குயவன் உடலோடும் கையோடும் தொழில் செய்கிறான். உலகைச் செய்தவனுக்கு உடல் உண்டென்றால் அவ்வுடலைச் செய்தவர் யார், இல்லையென்றால் அவன் எவ்வாறு செய்தான் என்றார். உங்கள் நண்பர் கேட்க நினைத்தது இதுவாக இருக்கக்கூடும். அவரிடம் சொல்லுங்கள், அடுத்தமுறை வகுப்பு சிரிக்காது. இவர்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1779இல் வெளிவந்த ஸ்காட்லாந்து மெய்யியலர் ஹியூமின் உரையாடல் நூல் இதே தடைகளுள் சிலவற்றைத் தனியாகக் கண்டடைந்தது. கப்பலைக் கட்டப் பலர் கூடுவதுபோல உலகைக் கட்டவும் பலர் கூடியிருக்கக் கூடாதா என்று அது மேலும் ஒரு கேள்வியைச் சேர்த்தது. 1802இல் ஆங்கிலேயப் பாதிரியார் பேலி கடிகார உவமையோடு அந்த வாதத்தை மீண்டும் நிறுத்தியதும், உயிரினங்களின் அமைப்புக்கு 1859இல் டார்வின் வேறு விளக்கம் தந்ததும் பாடநூல்களில் விரிவாகக் கிடைக்கும்.

தமிழில் இவ்வாதத்தின் மிகச் செறிவான வடிவம் 13ஆம் நூற்றாண்டுச் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம். ‘அவன் அவள் அதுஎனும் அவைமூ வினைமையின்’ என்று அது தொடங்குகிறது. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்கும் மூவினைக்கு உட்பட்டிருப்பதால் அது ஒருவனால் தோற்றுவிக்கப்பட்டது என்கிறார் மெய்கண்டார். உறுப்புகள் ஒவ்வொன்றும் தோன்றி மறைவதால் உலகம் முழுமையும் அவ்வாறே தோன்றி மறைய வேண்டுமா என்பது இங்கு எழும் தடை. மீமாஞ்சகர் அதை மறுத்தனர். 1948இல் பிபிசி வானொலியில் கத்தோலிக்கத் துறவி கோப்பிள்ஸ்டனோடு நடத்திய விவாதத்தில், ஒவ்வொரு மனிதருக்கும் தாய் உண்டு என்பதால் மனித இனத்துக்கே ஒரு தாய் உண்டு என்று சொல்ல முடியுமா என்று மெய்யியலர் ரசல் கேட்டதும் இதே தடைதான். சித்தாந்தத்தின் பக்கம் ஒரு வலிமையும் இருக்கிறது. குயவன் மண்ணைப் படைப்பதில்லை. மாயை என்னும் முதற்காரணமும் சத்தி என்னும் துணைக்காரணமும் இறைவன் என்னும் நிமித்தகாரணமும் வேண்டும் என்று கொள்ளும் சைவ சித்தாந்தத்துக்கு அந்த உவமை முழுதும் பொருந்துகிறது. ஒன்றுமில்லாததிலிருந்து கடவுள் உலகைப் படைத்தார் என்பவருக்கு அதே உவமை பாதி வழியில் நின்றுவிடுகிறது. யார் சொன்னது சரி என்று கேட்டீர்கள். உங்கள் ஆசிரியர் எந்தக் கடவுளைப் பற்றிச் சொன்னார் என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: அரசுக் கல்லூரியில் சமயம் தொடர்பான பாடத்தை நடத்தச் சட்டம் இடம் தருகிறதா?
— முதல்வர் ஒருவர், சேலம் மாவட்டம்

பதில்: தருகிறது. அரசமைப்பின் 28ஆம் பிரிவு, முழுதும் அரசு நிதியால் நடத்தப்படும் கல்வி நிறுவனங்களில் சமயப் போதனையைத் தடை செய்கிறது. அரசின் ஏற்போ நிதியுதவியோ பெறும் மற்ற நிறுவனங்களில், ஒப்புதல் இல்லாமல் யாரையும் சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. போதனை வேறு, ஆய்வுநோக்கில் கற்பது வேறு என்பதை உச்ச நீதிமன்றம் 1971இல் பஞ்சாபின் டி.ஏ.வி. கல்லூரி வழக்கிலும், 2002இல் அருணா ராய் வழக்கிலும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இவற்றுக்கும் முன்பே, ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949இல் தந்த அறிக்கை, பட்டப்படிப்பின் முதலாண்டில் சமயப் பெரியோரின் வரலாறுகளையும், இரண்டாம் ஆண்டில் உலகச் சமய நூல்களிலிருந்து தேர்ந்த பகுதிகளையும், மூன்றாம் ஆண்டில் சமய மெய்யியலின் மையச் சிக்கல்களையும் கற்பிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்த வரிசை மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பெரியோர் வரலாற்றிலும் சமய நூல்களிலும் இரண்டு ஆண்டுகள் ஊறிய மாணவர் மூன்றாம் ஆண்டில் திடீரென்று கேள்வி கேட்கத் தொடங்குவார் என்று எதிர்பார்ப்பது கடினம்.

நடைமுறையில் உங்களுக்குச் சிக்கல் வருமானால் சட்டத்தால் வராது. ஆண்டுவிழாவுக்கு அழைக்கும் சொற்பொழிவாளரால் வரும்.

கேள்வி: இது அடிப்படையில் மேலைநாட்டுக் கிறித்தவச் சூழலில் உருவான பாடம் அல்லவா? நம் மாணவருக்கு இது எதற்கு?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி

பதில்: பாடத்திட்டத்தின் தலைப்புகள் அங்கிருந்து வந்தவை என்பது உண்மை. கடவுள் உண்டா என்பதே சமயத்தைப் பற்றிய முதற்கேள்வி என்று அவை எடுத்துக்கொள்கின்றன. வேதத்தை முழுதும் ஏற்று, உலகைப் படைத்த இறைவனை ஏற்காத மீமாஞ்சகரை அந்தச் சட்டகத்தில் எங்கே உட்காரவைப்பது? சமணரையும் பௌத்தரையும் எங்கே வைப்பது? இதை மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் வினவும் பழக்கம் இறக்குமதி ஆனதன்று. தாங்கள் இதை என்னைவிட நன்கு அறிவீர்கள். மணிமேகலை வஞ்சி நகரில் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். இளம்பெண் என்று தெரிந்தால் பொருளை விளக்க மாட்டார்கள் என்பதால் மாதவ வடிவு கொண்டு கேட்கிறாள் என்ற செய்தி ஒன்றே ஒரு வகுப்பு நேரத்துக்கு விவாதப் பொருளாகும். நீலகேசி இன்னும் ஒருபடி மேலே சென்று, பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என ஒவ்வொருவரையும் நேரில் சந்தித்து வாதாடுகிறாள். ஒரு பெண்ணை வாதியாக நிறுத்தித் தருக்க நூல் செய்த மொழியில், இப்பாடம் நமக்கு எதற்கு என்ற கேள்வி எழுவது எனக்கு வியப்பாக இருக்கிறது.

சென்னைக்கே உரிய வரலாறும் ஒன்று உண்டு. ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் முதுகலை பயின்றபோது, வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற மிஷனரிகளின் குற்றச்சாட்டு அவரை உறுத்தியது. அதற்கு மறுமொழியாகவே வேதாந்தத்தின் அறவியல் பற்றிய தம் ஆய்வேட்டை எழுதினார். அது 1908இல் அச்சேறியது. அவருடைய பேராசிரியர் ஏ.ஜி. ஹாக் ஸ்காட்லாந்து மிஷனரி. தம் தரப்பை எதிர்த்து எழுதப்பட்ட அந்த ஏட்டை அவர் பாராட்டிச் சான்றும் அளித்தார். அடுத்த ஆண்டே வினைக்கொள்கையையும் கிறித்தவ மீட்பையும் ஒப்பிட்டுத் தாமும் ஒரு நூல் வெளியிட்டார். மாணவரும் ஆசிரியரும் ஒருவரையொருவர் மாற்ற முடியவில்லை. இருவரும் தத்தம் கருத்தைக் கூர்மையாக்கிக்கொண்டனர்.

கேள்வி: இலங்கைப் பாடசாலைகளில் சமயம் கட்டாய பாடம். நான் சைவநெறி கற்பிக்கிறேன். அதற்கும் நீங்கள் சொல்லும் பாடத்துக்கும் என்ன வேறுபாடு?
— ஆசிரியை, யாழ்ப்பாணம்

பதில்: சைவநெறி ஒரு மரபுக்குள் நின்று அம்மரபை மாணவருக்குக் கையளிக்கிறது; அது தேவையான பணி. சமய மெய்யியல் அம்மரபின் கூற்றுகளுள் ஒன்றை எடுத்து, இது எந்த அளவையால், அதாவது எந்த அறியும் வழியால், அறியப்பட்டது, காட்சியாலா, கருதலாலா, உரையாலா என்று கேட்கிறது. சைவ சித்தாந்தமே அளவை இலக்கணத்தை முன்வைத்துப் பேசும் மரபு ஆகையால், உங்களுக்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படாது. உயர்தரத்தில் இந்து நாகரிகமும், அளவையியலும் விஞ்ஞானமுறையும் இரண்டு தனித்தனிப் பாடங்களாக இருக்கின்றன. இவ்விரண்டையும் எடுத்த மாணவர்கள் உங்கள் பாடசாலையில் இருந்தால், ஒன்றில் கற்ற அனுமான வடிவத்தை மற்றதில் உள்ள சூத்திரத்தின்மேல் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தேர்வுக்கு வெளியே ஒரு மாலைநேரம் போதும்.

கேள்வி: கடவுளை நம்பி, அவர் இல்லாமற்போனால் நட்டம் சிறிது, நம்பாமல் இருந்து, அவர் இருந்துவிட்டால் நட்டம் பெரிது. ஆகவே நம்புவதே அறிவுடைமை அல்லவா?
— வணிகர், சிவகாசி

பதில்: இது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் எழுதி, அவர் மறைந்தபின் 1670இல் வெளியான பந்தயம், வணிகருக்குப் பிடித்திருப்பதில் வியப்பில்லை. எந்தக் கடவுளை என்பது முதல் தடை. நம் ஊர் வகுப்பில் மூன்று சமயத்து மாணவர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதால், புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே இது எழுந்துவிடும். நம்பிக்கை நினைத்தவுடன் வருமா என்பது இரண்டாவது. பாஸ்கலும் இதை அறிந்திருந்தார். நம்புகிறவரைப் போல நடந்துகொள்ளுங்கள், நம்பிக்கை பின்னால் வரும் என்றார். இலாபம் கருதி வந்தவரை அந்தக் கடவுள் எப்படி வரவேற்பார் என்பது மூன்றாவது; அதை உங்கள் வாடிக்கையாளர்களை வைத்து நீங்களே முடிவு செய்யலாம்.

கேள்வி: என் வகுப்பில் பெரியார் கொள்கையில் பற்றுள்ளவர்களும், மசூதிக்கும் தேவாலயத்துக்கும் கோயிலுக்கும் தவறாமல் செல்பவர்களும் இருக்கிறார்கள். விவாதம் என்றாலே சண்டையாகிவிடுகிறது. ஆசிரியர் என்ன செய்வது? தேர்வை எப்படி அமைப்பது?
— விரிவுரையாளர், திருச்சிராப்பள்ளி

பதில்: பட்டிமன்ற முறையை முதலில் கைவிடுங்கள். இரண்டு அணி, கைதட்டல், இறுதியில் நடுவர் தீர்ப்பு என்ற அமைப்பு வெல்வதற்காகப் பேசப் பழக்குகிறது. நம் பழைய நூலாசிரியர்கள் வேறொரு முறையை வைத்திருந்தனர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம் (பிறர் கொள்கை), சுபக்கம் (தம் கொள்கை) என்று இரண்டாகப் பகுத்து, பரபக்கத்தில் பதினான்கு மதத்தாரின் கொள்கைகளை எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொன்றையும் முதலில் அவர்கள் கூற்றாகவே எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கிறார். முதலில் வருபவன் உலகாயதன்: கண்ணால் காண்பதே அளவை, உயிர் என்று வேறொன்று இல்லை, மறுமை இல்லை என்பவன். அவன் பேசும் பாடல்களை மட்டும் தனியே படித்தால், எழுதியவர் சிவாசாரியார் என்று சொல்வது கடினம். மறுப்பு நேர்மையாக இருக்கிறதா என்பது வேறு விவாதம். எதிர்த்தரப்பார் சில இடங்களில் முறையிடத்தான் செய்வார்கள். ஆனால் எதிரியின் கொள்கையை எழுதிக்காட்டாமல் மறுக்கத் தொடங்கக் கூடாது என்ற ஒழுங்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

வகுப்பில் செய்ய வேண்டியது இது. நம்பிக்கை உள்ள மாணவர், துன்பத்தைக் காரணம் காட்டிக் கடவுளை மறுக்கும் வாதத்தை ஒரு பக்க அளவில் எழுத வேண்டும். நாத்திக மாணவர், வினைக்கொள்கையாலோ விருப்புரிமையாலோ அதற்கு விடை கூறும் வாதத்தை எழுத வேண்டும். எழுதியதை எதிர்த்தரப்பைச் சேர்ந்த ஒருவர் படித்து, ‘என் கருத்தை நானே சொன்னால் இப்படித்தான் சொல்வேன்’ என்று கையொப்பமிட வேண்டும். அவர் ஒப்புக்கொள்ளும் வரை திருத்த வேண்டும். அதுவரை மறுப்பு எழுத அனுமதி இல்லை. முதல் சுற்றில் யாரும் கையொப்பம் பெறுவதில்லை என்றே எதிர்பாருங்கள். பெரியாரியர் எழுதும் பக்தரின் வாதத்தில் ‘மூடநம்பிக்கை’ என்ற சொல் எங்காவது எட்டிப்பார்க்கும். பக்தர் எழுதும் நாத்திக வாதத்தில் ‘அகந்தையால்’ என்ற சொல் நுழைந்துவிடும். அந்தச் சொற்களை நீக்கிவிட்டு வாதம் நிற்கிறதா என்று இருவரும் பார்க்கும்போது வகுப்பின் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். தம் சமயத்தைப் பற்றிப் பேச விரும்பாத மாணவரை வற்புறுத்தாதீர்கள். அவருக்கு மீமாஞ்சகரையோ லைப்னிட்ஸையோ கொடுத்துவிடுங்கள். ஆசிரியரின் சொந்த நிலைப்பாட்டை மாணவர்கள் கேட்டால் பருவத்தின் முடிவில் சொல்லலாம். முன்னரே சொல்லிவிட்டால் பாதிப் பேர் அதற்கேற்ப விடை எழுதத் தொடங்குவார்கள்.

தேர்வில் ‘கடவுள் உண்மைக்கான வாதங்களை விவரி’ என்று கேட்காதீர்கள். அதற்கான விடை உரைநூல்களில் அச்சடித்துக் கிடைக்கிறது. முன்பு பார்த்திராத ஒரு சிறு பகுதியைக் கொடுத்து, அதில் பக்கம் எது, ஏது எது, எந்த உறுப்பைத் தாக்கினால் வாதம் விழும், விழாமல் காக்க அதை எழுதியவர் என்ன சொல்லக்கூடும் என்று கேளுங்கள். மதிப்பெண்ணில் பெரும்பகுதியைக் கடைசி வினாவுக்கு ஒதுக்குங்கள். கொடுக்கும் பகுதி மாணவரின் சொந்த நம்பிக்கைக்கு எதிரானதாக இருக்க வேண்டும் என்பதால், இரண்டு வினாத்தாள்கள் தயாரிக்க வேண்டியிருக்கும். துறைத்தலைவரிடம் பருவத் தொடக்கத்திலேயே அனுமதி வாங்கிவிடுங்கள்.